பத்திரமாக வைத்திருக்கிறேன்

வீடு மாற்றும்போது காதில் விழும் வாக்கியங்களில் மிக ஆபத்தானது "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்பதுதான். நான்கு வீடுகளுக்கு முன்பு, இரவு பதினொன்றரை மணிக்கு, என் கணவர் அதைச் சொன்னார். கட்டிலின் தலைப்பலகை ஒரு சுவரிலும் கால்பலகை எதிர்ச்சுவரிலும் சாய்ந்து நின்றன. பக்கச் சட்டங்கள் இரண்டும் தரையில் கிடந்தன. அவற்றைப் பூட்டுவதற்கான 8 போல்ட்டுகளைத்தான் காணவில்லை. காலையில் அவரே கழற்றினார், அவரே ஒரு சின்ன டப்பாவில் போட்டார், அவரே அதைப் பத்திரமாக வைத்தார். எங்கே என்பது மட்டும்தான் அவருக்கு நினைவில்லை. அன்றிரவு தரையில் மெத்தையைப் போட்டு மூவரும் படுத்தோம். அடுத்த நான்கு இரவுகளும் அப்படித்தான்.

நான்கு மாதம் கழித்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் அந்த டப்பா கிடைத்தது. அதற்குள் வேறு போல்ட்டுகள் வாங்கிக் கட்டிலைப் பூட்டிவிட்டிருந்தோம். பழைய எட்டையும் அவர் வாங்கிக்கொண்டுபோய் வேறெங்கோ பத்திரமாக வைத்தார்.

நூலகத்தில் நூல்களைப் பட்டியலிடுவது என் தொழில். இடம் மாற்றி வைக்கப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அது கட்டடத்துக்குள்தான் இருக்கும், பதிவேட்டிலும் இருக்கும், தேடி வருகிறவருக்கு மட்டும் கிடைக்காது. இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும் என்று புரிய எனக்கு மூன்று வீடுகள் தேவைப்பட்டன. 22 ஆண்டுகளில் 7 முறை வீடு மாறியிருக்கிறோம். கடைசி முறை ஐந்து வாரங்களுக்கு முன்பு. இத்தனை முறையிலும் உடைந்தவை என்று பார்த்தால் இரண்டு கோப்பைகள், ஒரு படச்சட்டத்தின் கண்ணாடி, அவ்வளவுதான். பீரோ ஒருநாளும் காணாமல் போனதில்லை. ஃபிரிட்ஜ் வழி தவறியதில்லை. தொலைந்தவை எல்லாம் உள்ளங்கையில் அடங்குபவை: போல்ட்டுகள், ரிமோட், அலமாரிச் சாவி, மாமியாரின் மூக்குக்கண்ணாடி, திரைச்சீலைக் கொக்கிகள், ஒருமுறை மகளின் தேர்வு நுழைவுச்சீட்டு. பெரிய பொருள்கள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். சின்னவற்றுக்காகத்தான் திட்டம் போட வேண்டும்.

மரணத்துக்கும் மணமுறிவுக்கும் அடுத்தபடியாக மனிதரை வாட்டுவது வீடு மாற்றம்தான் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஒருவரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. திருமணத்துக்கு 50. வீடு மாறுவதற்கு 20தான். விடுமுறைக்குப் போவதற்கே 13 கொடுத்திருக்கிறார்கள். இதை என் கணவரிடம் சொன்னேன். "அவர்கள் உன்னோடு வீடு மாறியிருக்க மாட்டார்கள்" என்றார்.

இந்த முறை ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கினேன். முதல் வேலை கட்டுவதல்ல, கழிப்பது. பரணில் ஒரு பெட்டி, போன முறை ஒட்டிய நாடாகூடப் பிரிக்கப்படாமல், மூன்று ஆண்டுகளாக இருந்தது. "மூன்று வருடம் தேவைப்படாதது இனி எதற்கு, அப்படியே போட்டுவிடுங்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நான் திறந்தேன். எங்களிடம் இப்போது இல்லாத மூன்று இயந்திரங்களின் கையேடுகள், எந்தப் பூட்டுக்கும் சேராத 11 சாவிகள், ஒரு கைக்கு மட்டுமான கையுறை. அவற்றுக்கு அடியில் மகளின் தடுப்பூசி அட்டை. அதைத் தேடிப் போன வருடம் நாங்கள் இரண்டு நாள் வீட்டைப் புரட்டியிருந்தோம்.

கழிக்கும்போது பலரும் பெரிய பொருள்களிலிருந்து தொடங்குவார்கள். நான் இழுப்பறைகளிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பீரோ வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஒரு நிமிடம் போதும். ஓர் இழுப்பறைக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஏனென்றால் அதில் 60 பொருள்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு வேண்டும். கடைசி வாரத்துக்கு அதை ஒத்திப்போட்டால் நடப்பது ஒன்றுதான்: இழுப்பறையை அப்படியே ஒரு பையில் கவிழ்த்து, பையை ஒரு பெட்டியில் திணித்து, குப்பையையும் சேர்த்து வண்டியில் ஏற்றிப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஒரு நாளுக்கு ஓர் இழுப்பறை என்று கணக்கு வைத்தேன். மொத்தம் 31 இழுப்பறைகள். எங்கள் வீட்டில் இத்தனை இழுப்பறைகள் இருக்கின்றன என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மாமியாரின் அறைக்குள் மட்டும் நான் நுழையவில்லை. அவருக்கு 78 வயது. "என் பெட்டியை நீ தொடாதே அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு தாமே கட்டினார். கடைசியில் பார்த்தால், வீட்டிலேயே ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது அவருடைய இரும்புப் பெட்டிதான். கண்ணாடிப் பொருள்களைத் துண்டுகளில் சுற்றி, சுற்றியவற்றைப் போர்வை மடிப்புகளுக்கு நடுவே செருகியிருந்தார். மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். பட்டியலிடுவதை நான் நூலகத்தில் கற்றேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அளவெடுப்பது. இதில் கணிதம் இருக்கிறது, அதனால் எனக்குப் பிடிக்கும். லியோ மோசர் என்ற கணிதவியலாளர் 1966இல் ஒரு கேள்வியை முன்வைத்தார்: ஓர் அலகு அகலமுள்ள நடைவழி செங்கோணமாகத் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தைத் தாண்டிக் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு எவ்வளவு? தூக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, தரையோடு தள்ளத்தான் வேண்டும். 1968இல் ஜான் ஹாமர்ஸ்லி 2.2074 பரப்புள்ள ஒரு வடிவத்தைக் காட்டினார், பழைய தொலைபேசியின் கைப்பிடி போல இருக்கும். 1992இல் ஜோசப் கெர்வர் அதைச் சற்று மெருகேற்றி 2.2195க்குக் கொண்டுவந்தார். இதைவிடப் பெரியது இருக்கவே முடியாது என்பதற்கான நிரூபணத்தை ஜினியான் பேக் 2024இல்தான் வெளியிட்டார். திருப்பத்தில் சோபா சிக்கும் சிக்கல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கணிதவியலாளர்களையே உட்கார வைத்திருந்தது என்றால், ஏற்றுபவர்கள் நடுப்படியில் நின்று தலையைச் சொறிவதில் வியப்பென்ன?

எங்கள் சோபா 205 செ.மீ. நீளம், 88 ஆழம், 80 உயரம். புதிய வீடு முதல் மாடியில். படிக்கட்டு நடுவில் செங்கோணமாகத் திரும்புகிறது, அகலம் 95 செ.மீ. வாசற்கதவின் அகலம் 82. இந்த எண்களைத் தாளில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படம் வரைந்தேன். பிறகு நானும் மகளும் செய்தித்தாள்களை ஒட்டி 205க்கு 88 என்று ஒரு காகிதச் சோபா செய்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறினோம். திருப்பத்தில் காகிதம் மடங்கியது. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

தீர்வை மகள் கண்டுபிடித்தாள். சோபாவின் கால்களைக் கழற்றினால் உயரம் 70. திருப்பத்தில் அதை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டால் தரையில் அதற்குத் தேவைப்படும் இடம் 88க்கு 70தான். பிறகு சோபா திரும்பவே வேண்டாம். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்ததோ அதே பக்கம் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். இரண்டு திசையிலும் 95க்குள் அடங்கிவிடும். மோசர் தூக்கக் கூடாது என்றுதான் சொன்னார், நாங்கள் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. தரையிலிருந்து கூரைவரை 205 செ.மீ. இடைவெளி வேண்டும், அது இருந்தது. அங்கே தொங்கிய விளக்கு மட்டும் 190இல் இருந்தது. வீட்டு உரிமையாளரிடம் கேட்டு ஒரு நாளைக்கு அதைக் கழற்றி வைத்தோம். (அந்த விளக்கின் கொக்கியை நானே ஒரு பையில் போட்டு விளக்கிலேயே கட்டினேன். யாரையும் நம்பவில்லை.) மகளின் ஒற்றைத் துண்டு அலமாரிக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை. எப்படி நிறுத்தினாலும் ஒரு பக்கம் 100 செ.மீ. வந்தது, சாய்த்தால் தலை கூரையில் முட்டும். பழைய வீட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கே அதைக் கொடுத்துவிட்டோம். இது வண்டி வருவதற்கு மூன்று வாரம் முன்பே தெரிந்துவிட்டதால், வாசலில் நின்று அழ வேண்டியிருக்கவில்லை.

பெட்டி கட்டுவதைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போடும் கொடுமை நின்றபாடில்லை. காகிதம் மரத்திலிருந்து வந்தது, மரத்தைப் போலவே கனக்கும். 40 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியைப் புத்தகங்களால் நெருக்கி நிரப்பினால் 25 கிலோவைத் தாண்டிவிடலாம். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க நிறுவனமான நையோஷ், மிகச் சாதகமான நிலையில் ஒருவர் தூக்குவதற்கே 23 கிலோவைத்தான் உச்ச எடையாக வைத்துக் கணக்குப் போடுகிறது. படிக்கட்டும் வியர்த்த கையும் சாதகமான நிலை அல்ல. நான் புத்தகங்களுக்கு எப்போதும் சின்னப் பெட்டிதான் எடுப்பேன். இந்த முறை அவை மட்டும் 23 பெட்டிகள். புத்தகத்தைப் படுக்க வைக்கலாம், அலமாரியில் நிற்பதுபோல நிற்க வைக்கலாம், முதுகு கீழே இருக்கும்படியும் வைக்கலாம். திறக்கும் பக்கம் கீழே இருக்கும்படி மட்டும் வைக்காதீர்கள். தாள்களின் எடையே கட்டமைப்பைப் பிய்த்துவிடும். இப்படி உயிர்விட்ட அகராதிகளை நான் நூலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தட்டுகள் இதற்கு நேரெதிர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒரு குலுக்கலில் மேலே உள்ளவற்றின் பாரம் முழுவதையும் அடித்தட்டு தாங்க வேண்டும். விளிம்பில் நிற்க வைத்தால் அதிர்ச்சியை எளிதில் தாங்கும். செய்தித்தாளை நேரடியாகச் சுற்றாமல் முதலில் அச்சடிக்காத வெள்ளைத் தாளைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய தலைப்புச் செய்தி தட்டில் ஏறிவிடும். பெட்டியில் மேலே இடைவெளி விடக் கூடாது. அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளிலும் உள்ளே இருக்கும் நிரப்பிலும் இருக்கிறது. பாதி காலியான பெட்டிமேல் இன்னொன்றை வைத்தால் மேல்மூடி தொட்டிலாகிவிடும். ஈரத்தில் கிடந்த அட்டையை நம்பவே நம்பாதீர்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் பலம் போயிருக்கும்.

குமிழ்களை அழுத்தி உடைப்போமே, அந்த பபிள் ராப் 1957இல் சுவரில் ஒட்டும் தாளாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டதாம். சுவருக்கு யாரும் வாங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஐபிஎம் நிறுவனம் தன் கணினிகளைச் சுற்றி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அதற்கு விடிவு பிறந்தது. பளபளப்புப் பூச்சுள்ள மரச்சாமான்மேல் இதை நேரடியாகச் சுற்றி வெயிலில் விட்டால் குமிழ்கள் அப்படியே தடம் பதித்துவிடும். முதலில் ஒரு துணி, அதன்மேல் அது. எங்கள் மேசையின் முகத்தில் அம்மைத் தழும்பு வந்தது இப்படித்தான்.

இனிப் பதிவேடு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். பெயர் கிடையாது, எண் மட்டும். "சமையலறை, கரண்டிகள், பழைய வடிகட்டி, மேல் அலமாரி" என்று பெட்டிமேல் எழுதுவது வீண். நான்காவது பெட்டியிலேயே கை ஓய்ந்து கிறுக்கத் தொடங்கிவிடுவோம். உள்ளே விலையுயர்ந்தது எது என்று தெருவுக்கே அறிவிப்பதாகவும் ஆகும். எண்ணைப் பெட்டியின் மேல்மூடியில் எழுதாமல் இரண்டு பக்கங்களிலாவது எழுத வேண்டும், அடுக்கிய பிறகு மேல்மூடி யார் கண்ணிலும் படாது. இதை எனக்குச் சொன்னவர் இரண்டு முறைக்கு முன்பு வந்த ஏற்றுபவர்களின் தலைவர். "மேலே எழுதியிருந்தால் எங்களுக்கு எதுவும் தெரியாது அம்மா, நாங்கள் கைக்கு வந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவோம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்பதை அந்த வீட்டில் குளியலறைக்கு வந்து சேர்ந்த என் அகராதிகள் உறுதிப்படுத்தின.

உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரு நோட்டில். எண், எந்த அறைக்கு, என்னென்ன, அப்புறம் ஒரு எழுத்து: அ, ஆ, இ. அன்றிரவே திறக்க வேண்டியது அ. ஒரு வாரத்துக்குள் வேண்டியது ஆ. எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பது இ. இந்த மூன்றெழுத்துக் குறிதான் என் கண்டுபிடிப்பு. அறை வாரியாக அடையாளமிடுவது எல்லோரும் செய்வது, ஆனால் ஓர் அறைக்கு 20 பெட்டி வந்து குவிந்தால் எதை முதலில் திறப்பது? எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. இரவு பத்து மணிக்குப் பல்துலக்கியைத் தேடுகிறவரும் ஒரு வாசகர்தான்.

ஒரே ஒரு தடையுத்தரவும் போட்டேன்: நோட்டில் "இதர" என்ற சொல்லை யாரும் எழுதக் கூடாது. "இதர" என்று எழுதும் பெட்டி, பிரிக்கப்படாத பெட்டியாகவே அடுத்த வீட்டுக்கும் போகும். பரணில் இருந்த அந்தப் பெட்டியிலும் அந்தச் சொல்தான் இருந்தது. என் கணவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார். மறுநாள் நோட்டைப் பார்த்தேன். 41ஆம் எண்ணுக்கு எதிரே "பல பொருள்கள்" என்று எழுதியிருந்தது.

திருகுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் தனிச் சட்டம். கழற்றியவை மூடக்கூடிய ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போக வேண்டும், அந்தப் பை கழற்றிய பொருளின் உடம்பிலேயே கட்டப்பட வேண்டும். கட்டிலின் போல்ட்டுகள் கட்டிலின் சட்டத்தில், சோபாக் காலின் திருகுகள் சோபாவின் அடியில். "எல்லாத் திருகுகளையும் ஒரே டப்பாவில் போடலாமே" என்று யாராவது சொன்னால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். பூச்சுள்ள மரத்தில் நாடாவை ஒட்ட வேண்டாம், உரியும்போது பூச்சும் வந்துவிடும். கயிறு போதும். கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிவிக்குப் பின்னால் இருக்கும் கம்பிக் காட்டை நான் நான்கு கோணங்களில் எடுத்தேன்.

இயந்திரங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வாஷிங் மெஷின். முன்பக்கம் திறக்கும் மெஷினில் உருளை, சுருள்வில்களிலும் அதிர்வுதாங்கிகளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஓடும்போது குலுங்குவதற்கான ஏற்பாடு அது. வண்டியில் அதே குலுக்கல் பல மணி நேரம் நடந்தால் தாங்கிகள் கெட்டுவிடும். அதனால்தான் புதிதாக வரும்போது பின்பக்கத்தில் நீளமான டிரான்சிட் போல்ட்டுகளைப் போட்டு உருளையைப் பூட்டி அனுப்புகிறார்கள். பொருத்த வருபவர் அவற்றைக் கழற்றி நம் கையில் கொடுத்து, "வைத்துக்கொள்ளுங்கள், வீடு மாறும்போது வேண்டும்" என்பார். நாமும் வாங்கிப் பத்திரமாக வைப்போம்.

ஆம், கிடைக்கவில்லை. 31 இழுப்பறைகளிலும் இல்லை. மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே புதிதாக வாங்கினோம், வந்து சேர 12 நாள் ஆனது. ஆறு வாரம் முன்பே தொடங்கியதன் பலன் இதுதான். கூடவே, குழாய்களிலும் கீழே உள்ள வடிகட்டியிலும் தேங்கியிருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மகள் வடிகட்டியைத் திருகித் திறந்தாள், மூன்று நாணயங்களும் ஒரு சட்டைப் பொத்தானும் வந்தன.

ஃபிரிட்ஜை ஒரு நாள் முன்பே அணைத்து, காலியாக்கி, பனியை உருக விட்டு, துடைத்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு துணியை மடித்துச் செருகினோம். இல்லையென்றால் உள்ளே பூஞ்சை நாற்றம் பிடித்துவிடும். அதை நின்ற நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரெசருக்குள் இருக்கும் எண்ணெய் குளிரூட்டும் குழாய்களுக்குள் ஓடிவிடலாம். அப்படிப் படுக்க வைக்க நேர்ந்துவிட்டால், நிமிர்த்திய பிறகு எண்ணெய் திரும்பி வடிவதற்குப் பல மணி நேரம், முடிந்தால் ஒரு நாள், மின்சாரம் கொடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். டிவியும் அப்படித்தான், நிமிர்ந்தே பயணம் செய்ய வேண்டும். மெல்லிய திரையைப் படுக்கப் போட்டால் நடுவில் தொய்ந்து விரிசல் விடும். வாயு அடைத்த தெளிப்பான்கள், பெயிண்ட், தின்னர் போன்ற தீப்பற்றக்கூடியவற்றை வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மூடிய வண்டி வெயிலில் நின்றால் அடுப்பாகிவிடும்.

முகவரி மாற்றத்துக்கு யார் யாருக்கு எழுத வேண்டும் என்று யோசித்துப் பட்டியல் போட்டால் பாதி விட்டுப்போகும். கடைசி ஆறு வாரமும் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தபாலின் அனுப்புநரையும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவந்தேன். நான் மறந்தே போயிருந்த ஒரு காப்பீட்டு நிறுவனம் அதில் அகப்பட்டது. இணைய இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஆவணங்கள், நகை, மாமியாரின் இரண்டு வார மருந்துகள், மடிக்கணினி ஆகியவை வண்டியைப் பார்க்கவே இல்லை; என் தோள்பையில் வந்தன.

அன்று நான் பழைய வீட்டில் நின்றேன், கணவரும் மாமியாரும் புதிய வீட்டில். அங்கே ஒவ்வொரு அறைக் கதவிலும் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் அடித்துக்கொண்டு வந்தார். யாரும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. வண்டியில் கனமானவற்றை ஓட்டுநர் அறையை ஒட்டிய முன்சுவரோடு சேர்த்து அடியில் ஏற்றினார்கள். கட்டில் சட்டங்களைக் கடைசியாக ஏற்றச் சொன்னேன், கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும்.

மாலை ஐந்தரைக்குத் தொலைபேசி வந்தது. மாமியார்தான். "அம்மா, அறுபத்து மூன்றுதான் வந்திருக்கிறது. 37 இல்லை."

மொத்தம் 64. பழைய வீட்டை நான் மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டியிருந்தேன். பரண், குளியலறை அலமாரி, சமையலறைத் தொட்டியின் அடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. மின்மீட்டர் அளவைக்கூடப் படம் எடுத்துவிட்டேன், காலியான ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துவிட்டேன். நல்லவேளை, சாவியை இன்னும் ஒப்படைத்திருக்கவில்லை. திரும்பப் போய்த் திறந்தேன். காலி அறைகள். மகளின் அறையிலும் ஒன்றுமில்லை. வெளியே வரும்போது கதவை இழுத்தேன், கதவுக்குப் பின்னால், சுவருக்கும் அதற்கும் நடுவில், 37 சாதுவாக உட்கார்ந்திருந்தது. திறந்திருக்கும் கதவு ஒரு மூலையையே மறைத்துவிடும் என்பது ஏழு வீடுகளாக எனக்குத் தோன்றவில்லை. இனி அறையைச் சரிபார்க்கும்போது உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்ப்பேன். பதிவேடு இல்லாவிட்டால் 37 என்ற ஒன்று இல்லை என்பதே ஒரு மாதத்துக்குத் தெரிந்திருக்காது. உள்ளே இருந்தது மகளின் மேசை விளக்கும் வரைகருவிகளும்.

புதிய வீட்டில் எதையும் பிரிப்பதற்கு முன்பு கட்டில்களைப் பூட்டினோம். 8 போல்ட்டுகளும் சட்டத்தில் கட்டிய பையில் இருந்தன, ஸ்பேனரும் அதிலேயே. பிறகு அ என்று குறித்த மூன்று பெட்டிகள்: விரிப்புகள், துண்டுகள், சோப்பு, பல்துலக்கிகள், கத்தரிக்கோல், திருப்புளி, இரண்டு பல்புகள், சார்ஜர்கள், ஒரு பழைய போர்வை. போர்வை திரைச்சீலைக்குப் பதிலாக. திரை இல்லாத சன்னலுக்கு முன் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. மாமியார் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் படுத்துவிட்டார். படுக்கும்போது நோட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு ஐந்து வாரம் ஆகிறது. இ பெட்டிகளில் ஆறு மிச்சம், எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், 41ஐத் தவிர. அது கூடத்தின் மூலையில் நிற்கிறது, அதன்மேல் ஒரு துணியை விரித்து மகள் தன் விளக்கை வைத்திருக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று கணவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பழைய டிரான்சிட் போல்ட் இருக்கலாம்" என்றார்.